பாலைப்பழமும் அதன் மரபணு வளமும்: மட்டக்களப்பு, அம்பாறையிலிருந்து வரும் கேள்விகள்

ஆனி பிறந்தால் படுவான்கரைக் காடுகளிலும் வாகரைப் பக்கமும் பொத்துவிலுக்குத் தெற்கேயும் பாலைப்பழம் பழுக்கத் தொடங்கிவிடும். தெருவோரத்தில் சுண்டால் அளந்து விற்பார்கள். பருவம் முடிந்தால் அடுத்த ஆனி வரை அந்தப் பழத்தை யாரும் நினைப்பதில்லை. கன்று வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், விவசாயம் படிக்கும் மாணவர்கள், காணியில் பழைய மரம் வைத்திருப்பவர்கள் ஆகியோர் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாக வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வருகின்றன: ஒரு பாலைக்கும் இன்னொரு பாலைக்கும் உள்ள வேறுபாடு எவ்வளவு, அந்த வேறுபாடு நம் மாவட்டங்களில் எவ்வளவு காலம் மிஞ்சும்.

எந்தப் பாலையைச் சொல்கிறீர்கள்?

பழம் தரும் பாலை. தாவரவியலில் இதன் பெயர் மனில்காரா எக்சாண்ட்ரா. சப்போட்டாவும் இலுப்பையும் இதே குடும்பம். சிங்களத்தில் பலு என்பார்கள், தமிழ்நாட்டில் உலக்கைப்பாலை, வட இந்தியாவில் கிர்ணி. வெப்பாலையும் ஏழிலைப்பாலையும் வேறு குடும்பம். அவற்றிலும் பால் வடியும், அவ்வளவுதான் ஒற்றுமை.

பட்டை கருமையாக, ஆழமாக வெடித்திருக்கும். இலை தடிப்பு, மேற்புறம் கரும்பச்சை, நுனியில் சின்னதாக ஒரு பள்ளம். இலைக்காம்பைக் கிள்ளினால் பால் வரும். பழம் வேப்பம்பழம் அளவில் மஞ்சளாக இருக்கும், உள்ளே பெரும்பாலும் ஒரே ஒரு பளபளப்பான கொட்டை. பழத்தின் பால் உதட்டில் ஒட்டும். கொஞ்சம் தேங்காயெண்ணெய் தடவினால் போய்விடும்.

மரபணுப் பல்வகைமை என்கிறார்களே, எளிமையாகச் சொன்னால் என்ன?

ஒவ்வொரு மரமும் தன் மரபணுக்களில் பாதியைத் தாய் மரத்திலிருந்து பெறுகிறது, மறு பாதியை மகரந்தம் தந்த மரத்திலிருந்து. ஒரே மரபணு வெவ்வேறு வடிவங்களில் இருக்கலாம். பழம் பெரிதாவது, தோல் தடிப்பது, வரட்சியில் இலை உதிராமல் நிற்பது, சீக்கிரம் பூப்பது எல்லாம் பல மரபணுக்களின் பல வடிவங்கள் சேர்ந்து நடத்தும் வேலை. ஒரு காட்டிலுள்ள மரங்கள் எல்லாம் சேர்ந்து எத்தனை வடிவங்களை வைத்திருக்கின்றன, அவை எவ்வளவு கலந்து கிடக்கின்றன என்பதுதான் பல்வகைமை.

இதை இரண்டு மட்டத்தில் பார்க்க வேண்டும். ஒரு காட்டுக்குள்ளே மரத்துக்கு மரம் உள்ள வேறுபாடு ஒன்று. வாகரைக் காட்டுப் பாலைக்கும் குமணப் பாலைக்கும் இடையே உள்ள வேறுபாடு மற்றது. முதலாவது நிறைய இருந்து இரண்டாவது குறைவாக இருந்தால், மகரந்தமும் விதையும் ஒரு காலத்தில் தாராளமாகப் போய் வந்திருக்கின்றன என்று பொருள். நேர்மாறாக இருந்தால், காடுகள் நெடுங்காலமாகத் தனித்தனியே பிரிந்து நிற்கின்றன.

ஒரு மரத்துப் பழம் தேன் மாதிரி, பத்து அடி தள்ளி நிற்கும் மரத்துப் பழம் துவர்ப்பு. இது மரபணுவா, மண்ணா?

நல்ல கேள்வி, பலர் கேட்காமலேயே முடிவு கட்டிவிடும் கேள்வி. மண், தண்ணீர், வெயில், மரத்தின் வயது, அந்த வருடத்து மழை எல்லாம் பழத்தை மாற்றும். குளத்துக்கட்டில் நிற்கும் பாலையும் பாறை இடுக்கில் நிற்கும் பாலையும் ஒரே மரபணு கொண்டிருந்தாலும் ஒரே பழம் தராது. ஆனால் பத்து அடி இடைவெளியில், ஒரே வயதில், ஒரே மண்ணில் நிற்கும் இரண்டு மரங்கள் வருடா வருடம் அதே வித்தியாசத்தைக் காட்டினால் மரபணுவின் பங்கு பெரிது என்று சந்தேகப்படலாம்.

சந்தேகத்தைத் தீர்க்க ஒரு வழி உண்டு. இரண்டு மரங்களிலிருந்தும் ஒட்டுக்கிளை எடுத்து, ஒரே தோட்டத்தில், ஒரே மாதிரியான நாற்றுக்களில் ஒட்டி வளர்க்க வேண்டும். அங்கேயும் ஒன்று இனித்து மற்றது துவர்த்தால், வித்தியாசம் மரத்துக்குள்ளேயே இருக்கிறது. ஒட்டுக் கன்று தாய் மரத்தின் மரபணுப் பிரதி என்பதால் இது சரியான சோதனை. விதையால் வளர்த்துப் பார்ப்பது இவ்வளவு தெளிவான பதில் தராது, ஏனென்றால் தகப்பன் மரம் எது என்று நமக்குத் தெரியாது.

காட்டில் இவ்வளவு பாலை நிற்கிறதே, பல்வகைமை எப்படிக் குறையும்?

இதற்கு நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கண்ணுக்குத் தெரிவது ஏமாற்றும்.

பாலை மெதுவாக வளர்ந்து நெடுங்காலம் நிற்கும் மரம். இன்று நாம் அண்ணாந்து பார்க்கும் பெரிய பாலைகளில் பல, 1949இல் கல்லோயா நீர்ப்பாசனக் குடியேற்றத் திட்டம் தொடங்கிக் காடு பெருமளவில் வெட்டப்படுவதற்கு முன்பே முளைத்தவையாக இருக்கும். அவை முளைத்த காலத்தில் காடு தொடர்ச்சியாக இருந்தது. தேனீ ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குப் போனது, கரடி விதையைக் கொண்டுபோய் வேறு இடத்தில் போட்டது. அந்தக் காலத்துக் கலப்பு அந்த மரங்களின் உடம்பில் இன்னும் இருக்கிறது. இப்போது அவற்றின் இலையை எடுத்துச் சோதித்தால் பல்வகைமை நிறைய இருப்பதாகவே காட்டும். நாமும் நிம்மதியாக வீட்டுக்குப் போய்விடலாம்.

ஆனால் அந்த மரங்களின் கீழே பாருங்கள். கன்று நிற்கிறதா? முழங்கால் உயரத்தில், இடுப்பளவில், கைத்தடி மொத்தத்தில் என்று எல்லாப் பருவத்திலும் நிற்கிறதா? மாடு மேயும் காட்டோரங்களிலும் ஆண்டுதோறும் தீ ஓடும் இடங்களிலும் பெரும்பாலும் நிற்பதில்லை. இருக்கும் சில கன்றுகளும் இரண்டு மூன்று தாய் மரங்களின் பிள்ளைகளாக இருக்கலாம். பழைய மரங்கள் சாகும்போது அவற்றில் மட்டுமே இருந்த வடிவங்களும் அவற்றோடு போய்விடும். ஆகவே பாலையின் மரபணு நிலைமையை அறிய வேண்டுமென்றால் பெரிய மரத்தின் இலை மட்டும் போதாது. கன்றுகளின் இலையும் வேண்டும். இரண்டையும் ஒப்பிட்டால்தான் நாம் எதை இழந்துகொண்டிருக்கிறோம் என்று தெரியும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரமிருக்கிறவர் இதைப் படித்தால் போதும்.

இன்னும் சில காரணங்கள் உண்டு. பாலை மரம் மிகவும் கடினம், தண்ணீரில் போட்டால் தாழும். அதனால் தூணுக்கும் வளைக்கும் பாலத்துக்கும் ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைக்கும் தேடித் தேடி வெட்டினார்கள். வெட்டுகிறவர் வளைந்து கோணிய மரத்தை விட்டுவிட்டு நேராக, உயரமாக நிற்பதையே எடுப்பார். தலைமுறை தலைமுறையாக இது நடந்தால், நேராக வளரும் குணத்துக்குரிய மரபணு வடிவங்கள் காட்டில் அருகும். 1978 நவம்பர் 23ஆம் திகதி அடித்த சூறாவளி மட்டக்களப்பின் காட்டையும் தென்னந்தோப்பையும் எப்படிச் சாய்த்தது என்று அந்த வயதுக்காரர்கள் இன்றைக்கும் சொல்வார்கள். அப்புறம் சேனைப் பயிர்ச்செய்கை, குடியேற்றம், போர்க்காலம், செங்கல் சூளைக்கு விறகு. ஒவ்வொன்றும் காட்டைத் துண்டாக்கியது. துண்டுகள் சிறிதாகச் சிறிதாக, அவற்றுக்குள் உறவு மரங்களே ஒன்றோடொன்று கலக்கும் நிலை வரும். அப்படிப் பிறக்கும் விதைகளில் முளைப்புக் குறைவதும் கன்று சோடை போவதும் பல மர இனங்களில் கண்ட உண்மை.

பழம் ஆய்வதற்குக் கொப்பு வெட்டினால் என்ன? மறுபடியும் தளிர்க்குமே.

தளிர்க்கும். பாலைக்கு அந்தத் தைரியம் உண்டு. ஆனாலும் இந்தப் பழக்கம் எனக்கு மிகுந்த மனவருத்தத்தைத் தருகிறது, காரணத்தைச் சொல்கிறேன்.

காட்டுக்குப் போகிறவர் எல்லா மரத்திலும் கத்தி வைப்பதில்லை. எந்த மரம் இனிக்கும், எந்த மரம் பெரிய பழம் தரும் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அந்த மரத்தைத்தான் தேடிப் போவார்கள். கொப்போடு வெட்டிக் கீழே போட்டுப் பழத்தை உதிர்த்துக்கொண்டால் ஏறி ஆய்வதைவிட வேலை சுகம். வெட்டுப்பட்ட மரம் மீண்டு அதே அளவு காய்க்கச் சில வருடங்கள் வேண்டும், அதற்குள் இன்னொரு பருவத்தில் இன்னொரு ஆள் வந்துவிடுவார். துவர்ப்பு மரமோ நிம்மதியாக நின்று காய்த்துக் கொட்டி விதை பரப்பிக்கொண்டிருக்கும். நாம் விரும்பும் குணத்தை நாமே குறைக்கிறோம். மாம்பழத்தில் நேர்மாறாக நடந்தது. நல்ல மரத்தைக் கண்டால் அதன் கொட்டையை வீட்டுக்குக் கொண்டுவந்து போட்டார்கள், பிறகு ஒட்டு வைத்தார்கள். பாலைக்கு அந்த மரியாதை கிடைக்கவில்லை.

மரத்தின் கீழே பழைய சாரத்தையோ படங்கையோ விரித்துவிட்டு, ஒருவர் ஏறிக் கொப்பை உலுக்கினால் பழுத்தது விழும். காய் மரத்தில் நிற்கும், இரண்டு நாள் கழித்து மறுபடி வரலாம். உண்மையில் கொப்பு வெட்டும்போது பாதிக்குமேல் காயாகவே வீணாகிறது. வியாபாரத்துக்கும் இதுதான் இலாபம்.

கரடிக்கும் பாலைக்கும் என்ன தொடர்பு?

பாலை பழுக்கும் பருவத்தில் கரடிக்கு அதுதான் பெருவிருந்து. மரத்தில் ஏறியும் தின்னும், விழுந்ததையும் தின்னும். பழத்தை அரைத்துத் தின்பது அதற்கு வழக்கமில்லை, விழுங்கிவிடும். முழுக் கொட்டை எச்சத்தோடு வேறு இடத்தில் விழும். குரங்கு, மரநாய், பறவைகள் என்று வேறு தூதுவர்களும் உண்டு. ஆனால் நீண்ட தூரம் நடக்கும் பெரிய விலங்கு கரடி. ஒரு காட்டுத் துண்டிலிருந்து அடுத்த துண்டுக்கு விதை போவது இப்படியான விலங்குகளால்தான். நடுவே மின்வேலியும் வயலும் தெருவும் வந்து விலங்கு போகாமல் நின்றால் பாலையின் மரபணுவும் நின்றுவிடும்.

கரடி பயமும் உண்மைதான். ஆனி, ஆடியில் தனியே காட்டுக்குள் போகாதீர்கள். விடியற்காலையும் அந்தியும் வேண்டாம். பேசிக்கொண்டு, சத்தம் காட்டிக்கொண்டு போங்கள். திடீரென்று கிட்டத்தில் மனிதரைக் கண்டு திடுக்கிடும் கரடிதான் பாயும். மரத்தடிக்குப் போகுமுன் அண்ணாந்து பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள்.

பல்வகைமையை ஆய்வுகூடத்தில் எப்படி அளக்கிறார்கள்?

இளம் இலையில் சிறு துண்டு போதும். அதைச் சிலிக்கா ஜெல் போட்ட பையில் உடனே உலர வைப்பார்கள், இல்லாவிட்டால் டீ.என்.ஏ. சிதைந்துவிடும். ஆய்வுகூடத்தில் இலையை அரைத்து டீ.என்.ஏ.யைப் பிரித்தெடுப்பார்கள். பாலும் பிசினும் துவர்ப்புப் பொருள்களும் உள்ள இலையில் இது கொஞ்சம் பாடுபட வைக்கும் வேலை. அதனால்தான் முற்றிய இலையை விட்டுத் தளிரை எடுக்கிறார்கள்.

பிறகு பி.சி.ஆர். கொரோனாக் காலத்தில் எல்லோரும் கேள்விப்பட்ட அதே முறை, டீ.என்.ஏ.யின் குறிப்பிட்ட துண்டைப் பல கோடிப் பிரதிகளாகப் பெருக்குவது. மரங்களை வேறுபடுத்திப் பார்க்க மைக்ரோசற்றலைற் என்ற துண்டுகள் மிகவும் வசதி. ஓரிரண்டு எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் பகுதிகள் அவை, எத்தனை தடவை திரும்புகிறது என்பது மரத்துக்கு மரம் மாறும். இப்படிப் பத்து, பதினைந்து இடங்களைப் பார்த்தால் ஒவ்வொரு மரத்துக்கும் ஒரு கைரேகை கிடைத்துவிடும். ஒரு கன்றின் கைரேகையையும் சுற்றியுள்ள மரங்களின் கைரேகையையும் ஒப்பிட்டுத் தாய் தகப்பனைக்கூடக் கண்டுபிடிக்கலாம்.

இலைக்குப் பச்சை நிறம் தரும் பச்சையவுருவத்தின் டீ.என்.ஏ. இன்னொரு கதை சொல்லும். பெரும்பாலான பூக்கும் தாவரங்களில் அது தாய் வழியாக மட்டும் வரும். ஆகவே அதைப் பார்த்தால் விதை எங்கிருந்து எங்கே பயணம் செய்தது என்று தெரியும், மகரந்தம் குழப்பாது. கரடி நடந்த வழியை இலையிலிருந்து படிக்க முடியும் என்பது எனக்கு இன்னும் வியப்புத்தான்.

வேறு நாட்டில் இந்த மரத்தை யாராவது பொருட்படுத்தியிருக்கிறார்களா?

குஜராத்தில் இந்தப் பழத்துக்கு நல்ல மதிப்பு. அங்கே ராயண் என்பார்கள், உலர்த்தியும் வைத்துத் தின்பார்கள். கோத்ரா பக்கத்தில் வேஜல்பூரில் இருக்கும் மத்திய தோட்டக்கலைப் பரிசோதனை நிலையம் விதையால் வளர்ந்த மரங்களுக்குள் நல்லதைத் தேடித் தெரிந்தெடுத்து, தார் ரிதுராஜ் என்ற பெயரில் ஓர் இனத்தையே வெளியிட்டிருக்கிறது. மரத்துக்கு மரம் வேறுபாடு இருந்ததால்தான் தெரிந்தெடுக்க முடிந்தது. இங்கேயும் செய்யலாம். வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடத்துக்குப் பாலைக்காடு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. நல்ல இறுதியாண்டு ஆய்வுத் தலைப்புத் தேடும் பிள்ளைகளுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்?

மிக இனிப்பான ஒரு மரத்தின் விதையை எடுத்து ஆயிரம் கன்று போட்டால் போதாதா?

போதாது. கணக்குப் பார்த்தால் காரணம் தெளிவாகும்.

ஒரு காட்டில் ஒரு மரபணுவின் அரிய வடிவம் ஒன்று நூற்றுக்கு ஐந்து என்ற அளவில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஏதோ ஒரு பூஞ்சண நோயைத் தாங்கும் குணம் அதில் இருக்கலாம், இன்றைக்கு நமக்குத் தெரியாது. ஒரு மரத்தில் ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதிகள். ஒரே ஒரு தாய் மரத்தைத் தெரிந்தெடுத்தால் அந்த வடிவம் அதில் இருக்க ஏறத்தாழ 10 வீத வாய்ப்பு. ஐந்து மரம் தெரிந்தெடுத்தால் 40 வீதம். ஒன்றுக்கொன்று உறவில்லாத முப்பது மரம் தெரிந்தெடுத்தால் 95 வீதம். விதைக்குள் தகப்பன் மரத்தின் பங்கும் இருப்பதால் உண்மை நிலை இதைவிடச் சற்று நல்லது, ஆனாலும் வித்தியாசம் எவ்வளவு பெரிது பாருங்கள். ஒரே மரத்திலிருந்து பத்தாயிரம் விதை எடுத்தாலும் அந்தத் தாய்க்குள் இல்லாதது தாய் வழியாக வரப்போவதில்லை. அதோடு, அந்த ஆயிரம் கன்றும் அண்ணன் தம்பிகள். வளர்ந்தபின் ஒன்றோடொன்றுதான் மகரந்தம் மாற்றும்.

அதனால் காடு மீட்கும் வேலைக்கு 25, 30 தாய் மரம். மரத்துக்கு மரம் 50 முதல் 100 மீற்றராவது இடைவெளி, ஏனென்றால் பக்கத்தில் நிற்பவை பெரும்பாலும் ஒரே தாயின் பிள்ளைகள். ஒவ்வொரு மரத்திலிருந்தும் கிட்டத்தட்ட ஒரே எண்ணிக்கையில் விதை. துவர்ப்பு மரத்தையும் கோணல் மரத்தையும் ஒதுக்காதீர்கள். வீட்டுத் தோட்டத்துக்குப் பழம் வேண்டுமென்றால் அது வேறு தேவை, அங்கே இனிப்பு மரத்தின் ஒட்டுத்தான் சரி.

விதையை எப்படி முளைக்க வைப்பது?

பழம் தின்றுவிட்டு எறியும் கொட்டைதான் விதை. சதையும் பாலும் போகக் கழுவி, நிழலில் உலரவிட்டு, அதே பருவத்தில் போட்டுவிடுங்கள். வைத்துப் பழசானால் முளைப்புக் குறையும். ஓடு கடினம் என்பதால் அரத்தாளில் ஒரு பக்கம் லேசாக உரசி, ஓர் இரவு தண்ணீரில் ஊறவைப்பது நல்லது. ஆணிவேர் ஆழமாக ஓடும், ஆகவே உயரமான பொலித்தீன் பை தேவை. முளைக்கச் சில வாரமாகும், பொறுமை வேண்டும். ஆடியில் போட்ட விதை அதே வருட மாரிக்கு நடும் பருவத்துக்கு வராது. அடுத்த வருட ஐப்பசி, கார்த்திகை மழையோடு நட்டால் மழையே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஒவ்வொரு தாய் மரத்து விதையையும் தனிப் பாத்தியில் போட்டு அடையாளம் எழுதி வையுங்கள். பெயின்ற் அழியும், பென்சிலால் அலுமினியத் தகட்டில் அழுத்தி எழுதினால் நிற்கும். எந்தக் கன்று எந்தத் தாயுடையது என்ற குறிப்பு இல்லாத நாற்றுமேடை பின்னாளில் ஆய்வுக்கு அதிகம் உதவாது.

சப்போட்டாவைப் பாலையில் ஒட்டலாம் என்கிறார்களே?

ஒட்டலாம். இந்தியாவில் சப்போட்டாத் தோட்டங்களுக்குப் பாலை நாற்றுத்தான் பேர்போன அடிக்கட்டை. வரட்சியையும் கடினமான மண்ணையும் தாங்கும் வேரை அது கொடுக்கிறது. ஒரே குறை, பாலை நாற்று ஒட்டும் பருமனுக்கு வர இரண்டு வருடம்வரை எடுக்கும். அடிக்கட்டை நாற்றுகள் விதையால் வருவதால் அவற்றுக்குள்ளும் வேறுபாடு இருக்கும். உவர் ஏறும் வாவிக்கரை மண்ணில் தானாக நிற்கும் பாலையின் விதை அடிக்கட்டைக்குத் தனி மதிப்புப் பெறலாம். யாராவது முறையாகப் பரிசோதித்துப் பார்க்க வேண்டிய விஷயம் அது.

வாகரை விதையைப் பாணமையில் நடலாமா?

முடிந்தவரை கிட்டத்து விதையைக் கிட்டத்திலேயே நடுங்கள். மட்டக்களப்பு நகரில் ஆண்டு மழை சராசரி 1,600 மில்லிமீற்றருக்கு மேல், குமணப் பக்கம் அதைவிட வரண்டது. நெடுங்காலம் ஓரிடத்தில் நின்ற மரங்கள் அந்த இடத்துக்கு இசைந்திருக்கக்கூடும். வாகரையிலும் கதிரவெளியிலும் சேர்த்ததை அங்கேயே, தாந்தாமலையிலும் உன்னிச்சையிலும் சேர்த்ததைப் படுவான்கரையிலே, கஞ்சிகுடிச்சாறு, லகுகலப் பக்கத்து விதையைத் திருக்கோவில், பொத்துவிலிலே நடுவது பாதுகாப்பான வழி.

ஆனால் இதைச் சட்டமாக்கிக்கொள்ளத் தேவையில்லை. ஓர் ஊரில் நான்கைந்து மரம் மட்டும் மிஞ்சியிருந்தால், அந்த நான்கைந்தின் விதையையே திரும்பத் திரும்ப நடுவதைவிட அடுத்த காட்டு விதையையும் கலப்பது நல்லது.

காட்டுக்குள் போய் விதையும் இலையும் எடுக்க அனுமதி வேண்டுமா?

ஒதுக்கப்பட்ட காட்டில் வன இலாகாவின் அனுமதி வேண்டும். குமண (1970), லகுகல (1980), கல்லோயா (1954), மாதுறு ஓயா (1983) ஆகியவை தேசியப் பூங்காக்கள். அங்கே வனஜீவராசிகள் திணைக்களத்தின் அனுமதியில்லாமல் ஒரு கொட்டைகூட எடுக்கக் கூடாது. உகந்தையிலிருந்து குமண வழியாகக் கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை போகும் காலமும் பாலை பழுக்கும் காலமும் ஒன்றாக வருவதால் இதைக் குறிப்பாகச் சொல்கிறேன். யாத்திரிகர்கள் பை நிறையக் கட்டிக்கொண்டு போக வேண்டாம். அது விலங்குகளின் உணவு. மாணவர்கள் மேற்பார்வையாளர் மூலம் முன்கூட்டியே விண்ணப்பிப்பதுதான் முறை, மாதக்கணக்கில் எடுக்கும்.

வயல் நடுவில் தனியாக நிற்கும் ஒரு மரம், கோயில் வளவில் நிற்கும் ஒரு மரம். இவற்றுக்கு என்ன பெறுமதி?

மிகப் பெரிய பெறுமதி. சுற்றுக்காடு முழுவதும் போனபின் அந்தக் காட்டின் மரபணுவில் மிஞ்சியது அந்த ஒரு மரத்தில் இருக்கலாம். பாலையடிவட்டை, பாலையடித்தோணா போன்ற ஊர்களில் வயதானவர்களைக் கேட்டால் எந்த மரம் எங்கே நின்றது என்று சொல்வார்கள், தேடலை அங்கே தொடங்கலாம். போடியார் காலத்தில் வாடிக்கு நிழலாக விட்டு வைத்த மரம், பட்டிக்காரர் மாடு அடைக்கும் இடத்து மரம், சாமி இருக்கிறது என்று யாரும் தொடாத மரம், இவையெல்லாம் யாரும் திட்டமிடாமல் காப்பாற்றி வைத்த விதை வங்கி.

தனி மரத்தில் ஒரு சிக்கலும் உண்டு. பாலையின் பூவில் ஆண் பகுதியும் பெண் பகுதியும் சேர்ந்தே இருப்பதால், சுற்றிலும் வேறு பாலை இல்லாவிட்டால் விதை தன் மகரந்தத்தாலேயே உண்டாகியிருக்கலாம். அப்படியான கன்றுகளில் பலவீனம் வரும் வாய்ப்பு அதிகம். காட்டில் பாலைக்குத் துணையாக நிற்கும் வீரைக்கு இந்தக் கவலை இல்லை, அதில் ஆண் மரம் வேறு, பெண் மரம் வேறு. அதற்குப் பதிலாக, வெட்டுகிறவர் ஆண் மரத்தை எல்லாம் எடுத்துவிட்டால் வீரையில் பழமே வராது. ஆகவே தனிப் பாலையிலிருந்து ஒட்டுக்கிளை எடுத்து வேறு மரங்களின் ஒட்டோடு சேர்த்து ஒரே தோட்டத்தில் நடுவதுதான் அதைக் காக்க நல்ல வழி. தேனீ பிறகு பார்த்துக்கொள்ளும்.

ஆய்வுகூடம் எங்களிடம் இல்லை. பாடசாலைப் பிள்ளைகளால் என்ன செய்ய முடியும்?

நிறையச் செய்யலாம். மரப் பதிவேடு ஒன்று தொடங்குங்கள். மரம் நிற்கும் இடத்தைக் கைபேசியில் குறித்துக்கொள்ளுங்கள். நெஞ்சு உயரத்தில் சுற்றளவு, பூத்த வாரம், பழுத்த வாரம், இருபது பழத்தின் மொத்த நிறை, இருபது கொட்டையின் நிறை, சுவை பற்றி மூன்று பேரின் கருத்து, மரத்தடியில் கன்று உண்டா இல்லையா. பழத்தின் நிறையில் கொட்டையின் நிறையைக் கழித்தால் சதை எவ்வளவு என்று வரும், அதுதான் மரங்களை ஒப்பிட நல்ல எண். இரண்டு மூன்று பருவம் தொடர்ந்து எழுதினால் எந்த மரம் வருடாவருடம் பெரும்பழம் தருகிறது, எது முந்திப் பழுக்கிறது என்று தெரியவரும். பிறகு ஆய்வாளர் யாராவது வந்தால் எந்த மரத்தின் இலையை எடுப்பது என்று அவருக்கு வழிகாட்ட அந்தப் பதிவேடே போதும். கரடி நடமாடும் இடத்துக்குப் பிள்ளைகளை அனுப்ப வேண்டாம், ஊருக்குள்ளும் கோயில் வளவிலும் வீதியோரத்திலும் நிற்கும் மரங்களே ஆரம்பத்துக்குப் போதும்.

எனக்கு ஐம்பது வயது. இன்று நட்டால் நான் பழம் தின்பேனா?

விதைக் கன்றென்றால் காய்க்கப் பத்து வருடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஒட்டுக் கன்று அதைவிட முந்தும். பெரிய மரமாகும், வீட்டுச் சுவரிலிருந்து முப்பது அடியாவது தள்ளி நடுங்கள். முதல் இரண்டு வருடம் கோடையில் தண்ணீர், ஐந்தாறு வருடம் மாடு, ஆடு எட்டாமல் வேலி. இது முக்கியம், செத்துப்போகும் கன்றுகளில் பெரும்பகுதி மேய்ச்சலில்தான் போகிறது. முடிந்தால் வெவ்வேறு தாய் மரத்துக் கன்றாக இரண்டு எடுத்து, ஒன்றை நீங்கள் நட்டு மற்றதைப் பக்கத்து வளவுக்காரருக்குக் கொடுங்கள். இரண்டும் பூக்கும் வயது வரும்போது ஒன்றுக்கொன்று மகரந்தம் கிடைக்கும்.